அம்பாசடர் ஸ்டார்ட் ஆகவில்லையா? டைமிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பெட்ரோல் அம்பாசடரை இன்னும் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைப் பற்றியது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்த பி.எம்.சி. பி சீரிஸ் எஞ்சின் அது. பத்மினி, ஹெரால்டு வைத்திருப்பவர்களும் இதே முறையில் போகலாம். ஆனால் டைமிங் மார்க் இருக்கும் இடமும், பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் ரோட்டார் சுற்றும் திசையும் வண்டிக்கு வண்டி மாறும். அதை மட்டும் உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைமிங் டைமிங்னு சொல்றாங்களே, அது உண்மையில என்னதுங்க?

பிஸ்டன் மேலே ஏறிப் பெட்ரோல் கலந்த காற்றை அழுத்துகிறது. அந்த ஏற்றத்தில் எந்தக் கணத்தில் பிளக்கில் பொறி விழ வேண்டும் என்பதுதான் டைமிங். பிஸ்டன் உச்சியைத் தொடும் நிலையை மெக்கானிக்குகள் 'டாப்' என்பார்கள். பொறி டாப்புக்கு முன்னால் விழுந்தால் அட்வான்ஸ், பின்னால் தள்ளிப் போனால் ரிட்டார்ட். கணக்கு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் டிகிரியில்.

முன்கூட்டியே ஏன் பற்றவைக்க வேண்டும்? கலவை எரிந்து முடிய நேரம் ஆகும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 3000 ஆர்.பி.எம்.மில் அதற்குள் கிராங்க் 36 டிகிரி சுற்றிவிடும். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மட்டும் சுற்றும்போது 150 ஆர்.பி.எம். இருந்தால் 2 டிகிரிகூடப் போகாது. அதனால் ஸ்டார்ட் ஆகும்போது பொறி டாப்பை ஒட்டியே விழ வேண்டும். பாயிண்டும் ரோட்டாரும் இருக்கும் டப்பாதான் டிஸ்ட்ரிபியூட்டர். வேகம் கூடக்கூட அதற்குள் இருக்கும் எடைகள் விரிந்து பொறியைத் தானாகவே முன்னுக்கு இழுக்கும்.

அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடிச்சு. காலையில ஸ்டார்ட் ஆகல. டைமிங் போயிருக்குமா?

பெரும்பாலும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் கழன்றிருந்தாலோ, வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் தாவியிருந்தாலோ ஒழிய, டைமிங் ஒரே ராத்திரியில் ஓடிப்போகாது. நேற்று ஓடி இன்று நின்ற வண்டியில் பேட்டரி, ஈரம் பிடித்த கேப் (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி), கரிந்த பாயிண்ட், பாயிண்ட் கரியாமல் காக்கும் கண்டன்சர், பெட்ரோல் என்று பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. டைமிங் அந்த வரிசையில் கடைசி.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்துத் திருகுவது பலருக்குப் பழக்கம். முதலில் ஒரு கோளாறுதான் இருந்திருக்கும். திருகிய பிறகு இரண்டு ஆகிவிடும். அதற்கப்புறம் கண்டன்சரை மாற்றினாலும் வண்டி எழாது, நல்ல கண்டன்சரையும் சந்தேகப்படத் தொடங்குவீர்கள். சமீபத்தில் யாராவது டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டிருந்தால், பாயிண்ட் மாற்றியிருந்தால், எஞ்சின் பிரித்திருந்தால் மட்டும் டைமிங்கை மேலே கொண்டு வாருங்கள்.

கரண்ட் வருதான்னு வீட்டிலேயே எப்படிப் பார்க்கிறது?

பொறிக்கான உயர் வோல்டேஜை உண்டாக்கும் காயிலிலிருந்து கேப்பின் நடுவுக்குப் போகும் தடிமனான ஒயரைக் கேப் பக்கம் உருவி, அதன் நுனியை எஞ்சின் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளிப் பிடித்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வெறும் கையால் பிடிக்காதீர்கள். காய்ந்த மரக்குச்சியில் கட்டிக்கொண்டால் போதும். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் அதை நிறுத்தித் துடைத்துவிட்டுத்தான் இந்தச் சோதனை.

நீலமாக, 'சடக் சடக்' என்று சத்தத்தோடு பொறி தாவினால் காயில், பாயிண்ட், கண்டன்சர் மூன்றும் வேலை செய்கின்றன. அடுத்து அந்த ஒயரைக் கேப்பில் மாட்டிவிட்டு, ஒரு பிளக்கைக் கழற்றி அதன் ஒயரில் செருகி, பிளக்கின் உடம்பு பிளாக்கைத் தொடும்படி வைத்துப் பாருங்கள். காயிலில் பொறி வந்து பிளக்கில் வரவில்லை என்றால் ரோட்டார், கேப் இரண்டில் ஒன்றுதான். கேப்பின் உள்பக்கம் பென்சில் கோடு மாதிரி மெல்லிய கரிக்கோடு தெரிந்தால் கேப்பை மாற்றியே ஆக வேண்டும். மஞ்சளாக நோஞ்சான் பொறி வந்தால் பேட்டரியையும் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் பத்துக்குக் கீழே இறங்கினால் காயிலுக்குப் போக வேண்டியதையும் செல்ஃபே சாப்பிட்டுவிடும்.

சுத்தமா கரண்டே இல்ல. இப்ப எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஒரு சின்ன 12 வோல்ட் பல்ப், இரண்டு ஒயர். ஒரு முனையை நல்ல எர்த்தில் (எஞ்சின் பிளாக் போன்ற வெறும் இரும்பில்) மாட்டுங்கள். லூகாஸ் காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று இரண்டு முனைகள் இருக்கும். முதலாவது சாவியிலிருந்து வருவது, மற்றது பாயிண்டுக்குப் போவது. சாவியைப் போட்டு எஸ்.டபிள்யூ. முனையைத் தொட்டால் பல்ப் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் சாவி, ஃபியூஸ், ஒயரிங் பக்கம் போங்கள்.

அது எரிந்தால் பல்பைச் சி.பி. முனைக்கு மாற்றிச் செல்ஃப் அடியுங்கள். பாயிண்ட் திறக்கும்போது எரியும், மூடும்போது அணையும். மாறி மாறி மின்னினால் பாயிண்ட் நல்லது. காயிலையும் கண்டன்சரையும் மாற்றிப் பார்க்கலாம். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் ஒட்டவில்லை: கரி, எண்ணெய், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் மெல்லிய ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிறது, அல்லது காயிலின் உள்சுற்று போய்விட்டது. புதுப் பாயிண்ட் போட்ட உடனே இப்படி ஆனால், அந்தச் சின்ன இன்சுலேட்டர் வாஷரை இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள். இது அடிக்கடி நடப்பது.

பாயிண்ட் கேப் (இடைவெளி) எவ்வளவு வைக்கணும்? ஆக்சா பிளேடு கனம் போதும்னு சொல்றாங்களே?

பொருந்தாது, அது அதிகம். ஆக்சா பிளேடின் கனம் ஏறக்குறைய 0.025 அங்குலம். அது பிளக் இடைவெளிக்குச் சரியாக வரும். பாயிண்டுக்கு வேண்டியது 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டால் விசிட்டிங் கார்டு ஒன்றை வைத்து வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான்.

பாயிண்டின் ஃபைபர் கால், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் உள்ள கேமின் மேட்டில் ஏறி நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். இன்னொன்று: இடைவெளி பெரிதானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும். ஃபைபர் கால் தேய்ந்து இடைவெளி குறைந்தால் ரிட்டார்ட் ஆகும். எனவே எப்போதும் முதலில் பாயிண்ட், அப்புறம்தான் டைமிங். மாற்றிச் செய்தால் செய்த வேலை வீண்.

கரண்ட் நல்லா இருக்கு, பெட்ரோலும் வருது. அப்படியும் எடுக்கல. டைமிங்தான்னு எப்படி உறுதி பண்றது?

வண்டியே சொல்லும். செல்ஃப் சுற்றும்போது திடீரென்று முட்டி நின்று, பின்னுக்கு உதைப்பது போல் இருந்தால் டைமிங் மிக அதிகமாக அட்வான்ஸ். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் மூச்சு வாங்குவது போலச் சுற்றினாலும் அதே சந்தேகம். செல்ஃப் சுகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் பற்றுவது போல் வந்து விட்டுவிடுகிறது, சைலன்சரில் 'டொப்' என்று வெடிக்கிறது என்றால் ரிட்டார்ட் பக்கம் போங்கள். கார்பரேட்டர் வழியாகத் தீ துப்பினால் பிளக் ஒயர் மாறியிருக்கலாம், அல்லது டைமிங் ஒரு முழுச் சுற்றே தப்பியிருக்கலாம்.

பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து கிடந்தால் எந்த டைமிங்கிலும் எடுக்காது. கழற்றிக் காயவைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

பிளக் ஒயர் எல்லாத்தையும் ஒண்ணா கழட்டிட்டேன். எது எங்கேன்னு தெரியல.

ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒண்ணாம் சிலிண்டர். இந்த எஞ்சினில் ரோட்டார், மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஒண்ணாம் சிலிண்டரின் துளை கேப்பில் எது என்று கண்டுபிடித்துவிட்டால், அங்கிருந்து எதிர்த்திசையில் 3, 4, 2 என்று மாட்டிக்கொண்டே போங்கள். கடிகாரத் திசையில் மாட்டினால் 3-க்கும் 2-க்கும் இடம் மாறும். அப்போது இரண்டு சிலிண்டர் மட்டும் சரியாக எரிவதால் வண்டி குலுங்கும், வெடிக்கும், சில நேரம் எழுந்துகூட நிற்கும். இந்த அரைகுறை ஓட்டம்தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது.

ஒண்ணாம் சிலிண்டரை டாப்புக்குக் கொண்டு வரச் சொல்றாங்க. தனியாளா எப்படிப் பண்றது?

நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டால் முன்னால் செருகும் ஹேண்டிலில் எஞ்சின் லேசாகச் சுற்றும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்து, சாவி அணைந்திருக்கட்டும். ஒண்ணாம் பிளக் துளையில் காகிதத்தைச் சுருட்டித் தளர்வாக அடைத்துவிட்டு முன்னாலிருந்து கடிகாரத் திசையில் சுற்றுங்கள். பிஸ்டன் அழுத்திக்கொண்டு வரும்போது காகிதம் எகிறும். பக்கத்தில் ஆள் இருந்தால் துளையைக் கட்டைவிரலால் மூடச் சொன்னாலே தெரிந்துவிடும்.

பிஸ்டன் ஒரு முழு வேலைக்கு இரண்டு முறை டாப்புக்கு வரும். நமக்கு வேண்டியது கலவையை அழுத்தி முடிக்கும் டாப். புகையை வெளியேற்றி முடிக்கும் டாப் அல்ல. சந்தேகம் இருந்தால் டேப்பெட் கவரைத் திறந்து நாலாம் சிலிண்டரைப் பாருங்கள். அதன் ஒரு வால்வு மூடிக்கொண்டே மற்றது திறக்கத் தொடங்கும் அந்த ஆட்டத்தில், ஒண்ணாம் சிலிண்டர் சரியான டாப்பில் இருக்கும்.

புல்லியில மார்க்கே காணோமே!

டாப்பைக் காட்டும் மார்க்கை மேலிருந்து தேடியிருப்பீர்கள். பழைய பி சீரிஸ் எஞ்சின்களில் காட்டிமுள்கள் டைமிங் கவரின் அடிப்பக்கம் இருக்கும். வண்டிக்குக் கீழே தலையை விட்டால்தான் தெரியும். மூன்று கூர்முனைகள் இருக்கும்: நீளமானது டாப், மற்றவை டாப்புக்கு முன் 5 டிகிரியும் 10 டிகிரியும். கிராங்கின் முன்முனையில் உள்ள புல்லியின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். கம்பி பிரஷால் கிரீஸைத் தேய்த்துவிட்டு, வெட்டில் கொஞ்சம் வெள்ளைப் பெயிண்ட் வைத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் வைக்க வேண்டும்.

சரி, மார்க் கிடைச்சிடுச்சு. பல்பு வெச்சு டைமிங் எப்படி வைக்கிறது?

முதலில் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்திருக்க வேண்டும். பிறகு ஒண்ணாம் சிலிண்டர் அழுத்தும் நிலையில், எஞ்சினை ஓடும் திசையிலேயே சுற்றி, புல்லி வெட்டை வேண்டிய முள்ளுக்கு நேராக நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் கால் சுற்றுக்கு மேல் பின்னுக்குப் போய் மறுபடி முன்னாலேயே வாருங்கள். பின்னுக்குத் தள்ளி நிறுத்தினால் செயினின் தொய்வு கணக்கைக் கெடுக்கும். எத்தனை டிகிரி என்பதற்கு உங்கள் மாடலின் கையேடுதான் அதிகாரம். கையேடு இல்லாவிட்டால் 5 டிகிரி முள்ளில் வையுங்கள், வண்டி எழுந்துவிடும்.

இப்போது கேப்பைத் திறந்தால் ரோட்டார், ஒண்ணாம் ஒயரின் முனையை நோக்கி இருக்க வேண்டும். நேர் எதிரே இருந்தால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். அப்புறம் கிளாம்ப் போல்ட்டை, டிஸ்ட்ரிபியூட்டர் கையால் திருகும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். பல்பைக் காயிலின் சி.பி. முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டிச் சாவியைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை ரோட்டார் சுற்றும் திசையில், அதாவது கடிகாரத்துக்கு எதிராக, பல்ப் அணையும் வரை திருப்புங்கள். பிறகு கடிகாரத் திசையில் மெதுவாக, மிக மெதுவாகக் கொண்டு வாருங்கள். பல்ப் 'பளிச்' என்று எரியும் அந்த இடத்தில் நிறுத்தி கிளாம்ப்பை இறுக்குங்கள். பாயிண்ட் திறந்து பொறி விழும் கணம் அதுதான்.

இறுக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் கொஞ்சம் நகரும். அதனால் இறுக்கியபின் எஞ்சினை இரண்டு சுற்று சுற்றி, பல்ப் எரியும்போது வெட்டு எந்த முள்ளில் நிற்கிறது என்று மறுபடி பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவது. நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டரில் 1 டிகிரி தவறினால் கிராங்கில் 2 டிகிரி தவறியதாகும். சாவியை நீண்ட நேரம் போட்டே வைக்காதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சூடேறும்.

எங்க அம்பாசடர் டீசல். இதெல்லாம் அதுக்கும் உண்டா?

இல்லை. டீசலில் பொறியே கிடையாது. அங்கே பம்ப் டைமிங் என்று வேறொன்று உண்டு. பின்னாளில் வந்த 1.8 லிட்டர் இசூசு பெட்ரோல் எஞ்சினுக்கும் மேலே சொன்ன மார்க்குகள் பொருந்தாது.

ஹேண்டில் போட்டப்ப கையை உதைச்சிடுச்சு. பயமா இருக்கு.

பயப்பட வேண்டியதுதான், மணிக்கட்டு ஒடிந்தவர்கள் உண்டு. உதைப்பதற்குக் காரணம் டைமிங் அட்வான்ஸாக இருப்பது. பிஸ்டன் ஏறி முடிப்பதற்குள் கலவை எரிந்து அதைத் திருப்பித் தள்ளுகிறது. பல்ப் முறையில் சரிசெய்யும் வரை ஹேண்டிலால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சரியான பிறகும், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுக்க மட்டும் செய்யுங்கள். மேலிருந்து கீழே அமுக்கவே கூடாது. டைமிங் சரியாக இருந்தும் உதைத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் எடைகளைச் சந்தேகப்படுங்கள். ரோட்டாரை விரலால் சுற்றும் திசையில் கொஞ்சம் திருகி விட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கே வர வேண்டும். வராமல் நின்றால் எடைகள் துருப்பிடித்து அட்வான்ஸ் நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கின்றன.

மார்க் பண்ணாம டிஸ்ட்ரிபியூட்டரை உருவிட்டேன். முடிஞ்சுதா கதை?

ஒன்றும் ஆகவில்லை. அடியில் உள்ள பற்று (எஞ்சினின் டிரைவ் தண்டில் மாட்டும் பகுதி) நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கி இருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே வாக்கில்தான் உட்காரும். ரோட்டாரைத் திருப்பிக்கொண்டே அழுத்தினால் தானாக இறங்கும். அப்புறம் பல்ப் முறை.

கதை எங்கே சிக்கலாகும் என்றால், எஞ்சின் ஓவராலில் அதற்குக் கீழே உள்ள டிரைவ் தண்டையும் எடுத்து எதிர்ப்பக்கமாகப் போட்டிருந்தால். அப்போது டாப்பில் ரோட்டார் நாலாம் ஒயரைப் பார்க்கும். முறையாகச் செய்வதென்றால் தண்டைக் கழற்றிச் சரியாகப் போட வேண்டும். அவசரத்துக்கு 1-ஐயும் 4-ஐயும், 3-ஐயும் 2-ஐயும் கேப்பில் இடம் மாற்றினாலே வண்டி ஓடும். அப்படி ஓட்டினால் ஒரு அட்டையில் எழுதி பானெட்டுக்குள் கட்டிவிடுங்கள். அடுத்து வரும் மெக்கானிக் ஒயரை 'சரி' செய்து வைத்துவிட்டுப் போய்விடுவார்.

எஞ்சின் வேலை முடிஞ்சு வந்ததுல இருந்து ஸ்டார்ட்டே ஆகல. பல்ப் டைமிங் கரெக்டா இருக்கு.

அப்படியானால் வால்வு டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம். முன்னால் இருக்கும் செயினில் இரண்டு பல்சக்கரத்துப் புள்ளிகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். ஒரு பல் தவறினால்கூட எஞ்சின் மந்தமாகிவிடும், நிறையத் தவறினால் பற்றவே பற்றாது. டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருகினாலும் இது தீராது.

கவரைப் பிரிக்காமல் பார்க்க மேலே டாப் பற்றிச் சொன்ன நாலாம் சிலிண்டர் சோதனையே போதும். புல்லி வெட்டு நீள முள்ளில் இருக்கும்போது அந்த வால்வு ஆட்டம் நடக்க வேண்டும். தெளிவாகத் தள்ளி நடந்தால் செயின் தப்பாக மாட்டப்பட்டிருக்கிறது. வேலை செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள்.

காலையில ஒரே அடியில எடுக்குது. சூடானா நிறுத்திட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ண முடியல. டைமிங்கா?

சூட்டில் செல்ஃப் முட்டிக்கொண்டு சுற்றினால் ஆம், அட்வான்ஸைக் குறையுங்கள். செல்ஃப் லேசாகச் சுற்றியும் எடுக்கவில்லை என்றால் வேறு. அந்த நேரத்திலேயே கரண்ட் சோதனை செய்யுங்கள். ஆறவிட்டுச் செய்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பொறி இல்லாவிட்டால் சூட்டில் படுத்துவிடும் கண்டன்சர் அல்லது காயில். பொறி இருந்தால் பெட்ரோல் பைப்பில் ஆவி அடைத்திருக்கலாம்.

எங்க மெக்கானிக் காதால கேட்டே வெச்சிடுவார். அது தப்பா?

ஓடும் எஞ்சினில் தப்பில்லை. பல்ப் வைப்பது எழுப்புவதற்கு, காது வைப்பது ஓட்டுவதற்கு. பழைய கையேடுகளின் எண்கள் அந்தக் காலத்துக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்கானவை. இன்றைய சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேனுக்குக் குறையாது, எஞ்சினின் அழுத்த விகிதமும் குறைவு. அதனால் இரண்டொரு டிகிரி கூடுதலாக வைத்தால் பிக்கப் கூடும் என்பது உண்மைதான். டாப் கியரில் மேடு ஏறும்போது சில்லறை குலுங்குவது போல் நாக்கிங் கேட்டால் கொஞ்சம் திருப்பி வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் ஏ, ஆர் என்று எழுதிய சின்னத் திருகு இருந்தால் கிளாம்ப்பைத் தொடாமல் அதிலேயே செய்யலாம்.

காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதிக அட்வான்ஸில் எஞ்சின் ஐடிலில் இனிமையாக ஓடும், அதில் மயங்கி வைத்துவிட்டால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாது. டைமிங் லைட் (ஓடும்போதே மார்க்கைக் காட்டும் மின்னும் விளக்கு) இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்யூம் பைப்பைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, ஐடிலைத் தாழ்த்தி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வேக்யூம் அட்வான்ஸ் ஓட்டையா இருக்காம். அதனாலதான் ஸ்டார்ட் ஆகலயா?

இல்லை. அது ஓடும்போது எஞ்சினின் உறிஞ்சலால் பொறியை முன்னுக்கு இழுப்பது. செல்ஃப் சுற்றும்போது அதற்கு வேலையே கிடையாது. ஓட்டை இருந்தால் மைலேஜ் குறையும்.

எலெக்ட்ரானிக் கிட் போட்டுட்டா டைமிங் தொல்லை இருக்காதுல்ல?

பாயிண்ட் தொல்லை இருக்காது. டைமிங் அப்படியேதான் இருக்கிறது. கிட் மாட்டியதும் புதிதாக வைத்தே ஆக வேண்டும். வாங்கும் முன் பேட்டரியில் எது எர்த் என்று பாருங்கள். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். மாற்றி இணைத்தால் கிட் அந்த நிமிடமே போய்விடும். நெடுந்தூரம் போகிறவர்கள் ஒரு பழைய பாயிண்டும் கண்டன்சரும் டிக்கியில் வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை தடவை வெச்சாலும் கொஞ்ச நாள்ல மாறிடுதே, ஏன்?

கிளாம்ப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால், கேப்பைத் திறந்து ரோட்டார் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கைக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த ஆட்டம் இருக்கும்வரை பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், நாலு சிலிண்டருக்கும் நாலு டைமிங் ஆகும். லேத்தில் கொடுத்துப் புஷ் போட வேண்டியதுதான்.

தண்டு ஆடவில்லை என்றால் ஃபைபர் கால் வேகமாகத் தேய்கிறது. புதுப் பாயிண்ட் மாட்டும்போது கேமில் கிரீஸ் வைக்க மறந்திருப்பார்கள். ஒரு மிளகு அளவு கிரீஸ் போதும். அதிகம் வைத்தால் தெறித்துப் பாயிண்டில் விழும், மறுபடி கரண்ட் இல்லாமல் நிற்பீர்கள்.